மெட்டல் டிடெக்டர் ஏன் கத்திக்கொண்டே இருக்கிறது? பினாங்குக் கடற்கரையிலிருந்து சில கேள்வி பதில்கள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா மணலில் டிடெக்டரோடு நடந்தால் நம் ஆட்கள் நின்று விசாரிக்காமல் போகமாட்டார்கள். "என்னண்ணே, தங்கம் கிடைக்குதா?" என்பது முதல் கேள்வி. கொஞ்சம் பேசிய பிறகு, தானும் ஒன்று வாங்கியதாகவும் அது ஓயாமல் கத்தியதால் ஸ்டோரில் தூக்கிப் போட்டுவிட்டதாகவும் சிலர் சொல்வார்கள். அப்படி என்னிடம் கொண்டுவந்த கருவிகளில் உண்மையிலேயே பழுதானவை மிகக் குறைவு. செட்டிங்தான் சரியில்லாமல் இருக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வைத்திருப்பது மைன்லேப் ஈக்குவினாக்ஸ் 800. உங்களுடையது நோக்டா, கேரட் என்று வேறு எந்தக் கம்பெனிக் கருவியானாலும், பட்டனின் பெயர் மாறுமே தவிர அது செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

புதுக் கருவி. எந்த பட்டனை முதலில் தொட வேண்டும்?

எல்லாவற்றையும் தொடலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் மோடு: கடற்கரையா, பூங்காவா, வெறும் நிலமா என்று தேர்ந்தெடுங்கள். அடுத்து நாய்ஸ் கேன்சல், அதாவது சுற்றியுள்ள மின் இரைச்சலைத் தவிர்ப்பது. அதற்கடுத்து கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது நிற்கிற மண்ணைக் கருவிக்குப் பழக்குவது. அப்புறம் சென்சிடிவிட்டி, அதாவது திரும்பி வரும் சத்தத்தை எவ்வளவு பெருக்கிக் கேட்பது என்பது. டிஸ்கிரிமினேஷன், அதாவது வேண்டாத உலோகத்தை ஒதுக்குவது, கடைசியில்.

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் சென்சிடிவிட்டியை உச்சத்துக்கு ஏற்றிவிடுவார்கள். கருவி கத்தும். அந்தக் கத்தலை அடக்க டிஸ்கிரிமினேஷனைக் கூட்டுவார்கள். கத்தல் குறையும், கூடவே தங்கமும் காணாமல் போகும். நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: காயிலை, அதாவது தண்டின் அடியில் இருக்கிற வட்டத் தட்டை, மண்மேல் வீசும்போது கருவி அமைதியாக இருக்க வேண்டும். அந்த அமைதி கிடைக்கும்வரை நடக்கத் தொடங்காதீர்கள். சின்னச் சத்தம் கேட்க வேண்டுமென்றால் பெரிய சத்தம் அடங்கியிருக்க வேண்டும்.

சென்சிடிவிட்டியை முழுக்க ஏற்றினால் அதிக ஆழத்தில் இருப்பதையும் காட்டுமே?

காட்டாது. இதை ஒருமுறை கணக்காகப் பார்த்துவிட்டால் அந்த ஆசையே போய்விடும்.

காயில் அனுப்புகிற காந்தப்புலம் கீழே போகப் போக வேகமாக வலுவிழக்கிறது. தூரத்தின் மும்மடிப் பெருக்கத்தில், அதாவது தூரம் இருமடங்கானால் எட்டில் ஒரு பங்காகக் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காசில் பட்டுத் திரும்புகிற சமிக்ஞையும் அதே கதியில் குறைந்துகொண்டேதான் மேலே வருகிறது. போக மூன்று, வர மூன்று, ஆக ஆறு மடிப் பெருக்கம். சின்னப் பொருள் இருமடங்கு ஆழத்துக்குப் போனால் 2-ஐ ஆறு முறை பெருக்குங்கள்: 64. சமிக்ஞை ஏறக்குறைய 64-ல் ஒரு பங்காகிவிடும். ஈக்குவினாக்ஸில் சென்சிடிவிட்டி 1 முதல் 25 வரை, கம்பெனி வைத்துத் தருவது 20. அந்த 20-ஐ 25 ஆக்கினால் இந்த 64-க்கு எதிராக எவ்வளவு கிடைத்துவிடும்? விரலளவு ஆழம் கூடக் கிடைத்தால் பெரிது.

இன்னொன்று, பெரும்பாலான கருவிகளில் இந்த பட்டன் காயில் அனுப்பும் சக்தியைக் கூட்டுவதில்லை. திரும்பி வருவதைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். காசின் சத்தத்தோடு உப்பு, மின்கம்பி, மண் எல்லாவற்றின் சத்தமும் சேர்ந்தே பெருகும். கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவரின் முணுமுணுப்பைக் கேட்க முயல்வது போன்றது இது.

நான் செய்வது: கருவி சலசலக்கும்வரை ஏற்றுவேன், பிறகு அந்தச் சலசலப்பு நிற்கும்வரை ஒவ்வொரு படியாக இறக்குவேன். பத்து பெரிங்கியின் காய்ந்த மணலில் எனக்கு அது 20, 21-ல் நிற்கும். அலை நனைத்துவிட்டுப் போகும் இடத்தில் 16, 17-க்கு இறக்க நேரும். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், நீங்கள் நிற்கிற இடம்தான் அதை முடிவு செய்யும்.

காயிலை அசைக்காமல் பிடித்திருந்தாலும் கத்துகிறது. மண்ணில் ஏதாவது இருக்கிறதா?

காயிலைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கி அசையாமல் பிடியுங்கள். அப்போதும் கத்தினால் மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காற்றில் வருகிற மின் இரைச்சல் அது. ஹோட்டல் வரிசைக்குப் பின்னால் இருக்கிற கடற்கரையில் இது சாதாரணம். விளக்கு வயர்கள், நீச்சல்குள மோட்டார்கள், வைஃபை பெட்டிகள், உங்கள் சட்டைப்பையில் இருக்கிற கைத்தொலைபேசி எல்லாமே காரணமாகலாம். கைத்தொலைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் டிடெக்டர் வைத்திருந்தால் நன்றாக விலகி நில்லுங்கள். பிறகு காயிலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நாய்ஸ் கேன்சல் பட்டனை அமுக்குங்கள். கருவி தானாகவே இரைச்சல் குறைந்த சேனலைத் தேடி எடுத்துக்கொள்ளும். ஹோட்டலிலிருந்து நூறு மீட்டர் நடந்துவிட்டால் மறுபடியும் செய்யுங்கள், சில வினாடி வேலைதான்.

உங்கள் உடம்பில் இருப்பதையும் பாருங்கள். கைக்காப்பு, இரும்பு முனை வைத்த பூட்ஸ், இடுப்பில் தொங்கும் மண்வாரி என்று எதுவும் காயிலுக்குக் கிட்டே வரக்கூடாது. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடம்புக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்க அலெக்சாண்டர் கிரஹாம் பெல் ஒரு கருவி செய்துகொண்டு போனார். நாம் வைத்திருக்கும் கருவிக்கு அது ஒரு தாத்தா என்று சொல்லலாம். அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் இரும்பு ஸ்பிரிங்குகள் இருந்தன, அவை கருவியைக் குழப்பின. குண்டு அகப்படவில்லை.

கிரவுண்ட் பேலன்ஸ் தானாகவே செய்துகொள்ளும் என்கிறார்களே?

செய்துகொள்ளும், ஆனால் சொல்லிச் செய்ய வைத்தால் இன்னும் நன்றாகச் செய்யும். உலோகம் எதுவும் இல்லாத ஒரு சிறு பரப்பைத் தேடுங்கள். பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு காயிலைத் தரைக்கு அருகே இரண்டு மூன்று சென்டிமீட்டரிலிருந்து முழங்கால் உயரம் வரை நேராக மேலும் கீழும் ஏற்றி இறக்குங்கள், மாவு இடிக்கிற மாதிரி. சத்தம் அடங்கியதும் விடுங்கள்.

நம் மண்ணுக்கு இது ரொம்ப அவசியம். பினாங்குத் தீவின் பெரும்பகுதி கருங்கல் பாறை. அது வெயிலிலும் மழையிலும் சிதைந்து, இரும்புச்சத்து தங்கிய செம்மண்ணாகியிருக்கிறது. அந்த இரும்பும் கருவிக்குக் கேட்கும். பழைய கம்பத்து, அதாவது கிராமத்து, வீட்டு வாசலில் தேடும்போது பேலன்ஸ் செய்யாவிட்டால் மண்ணே பொருள் மாதிரிச் சத்தம் போடும். கடற்கரையிலும் அலை ஒதுக்கிவிட்ட கறுப்பு மணல் பட்டை தெரிந்தால் அதன்மேல் நின்று ஒருமுறை பேலன்ஸ் செய்துவிட்டுத் தொடருங்கள்.

சில கருவிகளில் டிராக்கிங் என்று ஒன்று இருக்கும். நடக்க நடக்கத் தானே பேலன்ஸ் செய்துகொண்டே வரும். மண் அடிக்கடி மாறும் இடத்தில் நல்லது. ஆனால் ஒரு சத்தம் கேட்டு அதே இடத்தில் பத்துத் தடவை காயிலை ஆட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பொருளையே மண் என்று நினைத்து அடக்கிவிடக்கூடும். நான் போடுவதில்லை.

ஈரமணலுக்கு வந்ததும் பைத்தியம் பிடித்த மாதிரி கத்துகிறதே?

உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒரே அதிர்வெண்ணில் வேலை செய்யும் கருவிக்கு நனைந்த மணல் முழுவதும் ஒரு மெல்லிய உலோகத் தகடு மாதிரித் தெரிகிறது. பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவிகள் உப்பின் பதிலையும் உலோகத்தின் பதிலையும் ஒப்பிட்டுப் பிரித்துவிடும். கடற்கரைதான் உங்கள் முக்கிய இடம் என்றால் வாங்கும்போதே அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். கையில் இருப்பது ஒற்றை அதிர்வெண் கருவியா? பீச் மோடு போடுங்கள், சென்சிடிவிட்டியை இறக்குங்கள், ஈரமணல் மேலேயே கிரவுண்ட் பேலன்ஸ் செய்யுங்கள். காயிலை வீசும்போது உயரம் மாறக்கூடாது. வீச்சின் இரு முனையிலும் கை தானாக உயரும், அந்த உயர்வே ஒரு பொய்ச் சத்தம் தரும். அதோடு தண்ணீருக்கு இணையாக நடங்கள். காய்ந்த மணலிலிருந்து ஈரமணலுக்கு ஒவ்வொரு வீச்சிலும் மாறி மாறிப் போனால் எந்தக் கருவியாலும் தாக்குப்பிடிக்க முடியாது.

ஈக்குவினாக்ஸில் பீச் 1 மணலுக்கு, பீச் 2 அலைக்குள் இறங்குவதற்கு. இரண்டாவதில் காயில் அனுப்பும் சக்தியே குறைக்கப்பட்டிருக்கும். காய்ந்த மணலில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் ஆழம் வீண்.

ஆணியும் டின் வளையமும்தான் வருகிறது. எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாமா?

ஒதுக்கி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

தஞ்சோங் பூங்காவில் ஒரு மாலை, புதிதாகக் கல்யாணமான தம்பி ஒருவர் மணலில் பந்து விளையாடும்போது மோதிரம் கழன்று விழுந்துவிட்டது. 916 தங்கம், மெல்லிய மோதிரம். மறுநாள் எனக்குச் செய்தி வந்தது. அந்த மாதம் முழுக்க பானக் கேன்களின் வளையத்தைத் தோண்டித் தோண்டிச் சலித்துப்போய், பொருளுக்கேற்பக் கருவியின் திரையில் வருகிற எண்களில் 11 முதல் 14 வரை சத்தம் வராதபடி மூடி வைத்திருந்தேன். அப்படியே போய்த் தேடினேன். இரண்டு மணி நேரம். அந்தத் தம்பி பக்கத்திலேயே நடந்து வந்தார், அவர் மனைவி கல்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. இருட்டிவிட்டது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. என் மனைவியின் மோதிரத்தை வாங்கித் தரையில் வைத்துக் காயிலை வீசினேன். சத்தமே இல்லை. குதிரை லாடம் படம் போட்ட பட்டனை அமுக்கி எல்லா உலோகத்தையும் திறந்தேன். பளிச்சென்று 12. கேன் வளையத்தை வைத்தேன். 12, 13.

மறுநாள் விடியற்காலை அதே மணல், எல்லாம் திறந்த நிலையில். முதலில் வளையங்கள் ஏழு வந்தன. எட்டாவதும் 12 என்றே காட்டியது. கையை விட்டு மணலை அள்ளினேன். விரல் நீள ஆழத்தில், உள்ளங்கை மணலுக்குள் மஞ்சளாக ஒரு வளைவு தெரிந்தது. அந்தத் தம்பிக்குப் போன் போட்டபோது அவர் வேலைக்குக் கிளம்பி பஸ்ஸில் இருந்தார். இறங்கித் திரும்பி வந்துவிட்டார்.

சிறிய தங்க மோதிரமும் அலுமினிய வளையமும் கருவிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். மின்சாரத்தைக் கடத்தும் அளவும் பொருளின் பருமனும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தருகின்றன. தங்கம் என்று தனியாக ஓர் எண் கிடையாது. ஆகவே கடற்கரையில் வளையத்தை ஒதுக்கினால் மோதிரத்தையும் ஒதுக்கியதாகிவிடும். இரும்பை மட்டும், என் கருவியில் மைனஸ் எண்களை மட்டும், ஒதுக்குங்கள். குப்பை குறைந்த இடத்தில் அதையும் திறந்து வையுங்கள். ஒதுக்கிய இரும்பு காயிலுக்குக் கீழே இருக்கும்போது பக்கத்தில் இருக்கிற நல்ல பொருளின் சத்தத்தையும் விழுங்கிவிடும்.

கொஞ்சம் அடையாளம் உண்டு. மோதிரம் முழு வட்டம் என்பதால் எந்தப் பக்கமிருந்து வீசினாலும் பெரும்பாலும் அதே எண்ணைத் தரும். வளைந்து நெளிந்த வளையம் ஒன்றிரண்டு எண் மாறி மாறிக் காட்டும். இதை வைத்துத் தோண்டாமல் விட்டுவிடாதீர்கள், எதை முதலில் தோண்டுவது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் மலேசியக் காசுகள் என்ன எண் காட்டும்?

இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் காசுகளுக்கானவை. நமக்கு உதவாது. அதோடு நம் காசுகள் காலத்துக்குக் காலம் வேறு வேறு உலோகம்.

1967 முதல் வெளிவந்த 5, 10, 20, 50 சென் காசுகள் செம்பும் நிக்கலும் கலந்தவை. இந்தக் கலவை மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. பார்க்க வெள்ளி மாதிரி இருந்தாலும் வெள்ளியின் உயர்ந்த எண் வராது, நடு எண்களில் நிற்கும். 2012-இல் வந்த புதிய வரிசையில் 5 சென்னும் 10 சென்னும் துருப்பிடிக்காத எஃகு. 20, 50 சென் மஞ்சள் நிறக் காசுகள். எஃகுக் காசு நல்ல சத்தம் தருமென்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு சென் காசு முதலில் வெண்கலம், 1973-க்குப் பிறகு எஃகுக்கு மேல் செம்புப் பூச்சு. பிந்தையது காந்தத்தில் ஒட்டும், கருவி அதைப் பார்த்துக் குழம்பும். பிரிட்டிஷ் காலத்துச் சதுர ஒரு சென் கண்டெடுத்தால் அதன் எண்ணை மறக்கமாட்டீர்கள். கெட்டியான, உயர்ந்த சத்தம்.

வீட்டில் கிடக்கிற காசையெல்லாம் ஒரு மைலோ டின்னில் சேர்த்துக் கடற்கரைக்குக் கொண்டுபோங்கள். காய்ந்த மணலில் ஒவ்வொன்றாக ஐந்து, பத்து, பதினைந்து சென்டிமீட்டர் புதைத்து எண்ணைக் குறியுங்கள். டின்னைத் தூரமாக வையுங்கள். மோதிரம், கேன் வளையம், பாட்டில் மூடி, ஆணி நான்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்தில் உங்கள் கருவிக்கென்று ஒரு பட்டியல் கையில் இருக்கும். காற்றில் பிடித்துப் பார்க்கிற சோதனையில் வரும் எண்ணும் ஆழமும் மண்ணுக்குள் அப்படியே வராது.

பாட்டில் மூடி நல்ல சத்தம் தந்து ஏமாற்றுகிறது. வழி உண்டா?

உண்டு. சத்தம் வந்த இடத்தில் காயிலைக் குட்டையாக ஆட்டிக்கொண்டே மெல்ல உங்களை நோக்கிப் பின்னால் இழுங்கள். பொருள் காயிலின் முன் ஓரத்துக்கு வரும்போது காசு என்றால் சத்தம் தேய்ந்து மறையும். இரும்பு மூடி என்றால் அந்த ஓரத்தில் சட்டென்று கரகரத்து இரும்புச் சத்தத்துக்கு மாறும். துருப்பிடித்த ஆணிக்கு வேறு வழி: தொண்ணூறு டிகிரி சுற்றி நின்று குறுக்காக வீசுங்கள். ஒரு திசையில் இனிமையாகவும் மறு திசையில் உடைந்தும் கேட்டால் ஆணிதான். ஈக்குவினாக்ஸில் அயர்ன் பயாஸ் என்று ஒரு செட்டிங் இருக்கிறது, கூட்டினால் மூடிகளை இரும்பு என்றே சொல்லும். அதிகம் கூட்டினால் இரும்புக்குப் பக்கத்தில் இருக்கும் காசையும் இரும்பு என்று சொல்லிவிடும்.

எவ்வளவு வேகமாக வீச வேண்டும்?

இடமிருந்து வலம் போய்த் திரும்ப மூன்று நான்கு வினாடி. காயில் தரையைத் தொட்டும் தொடாமலும் போக வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். புல் வெட்டுகிறவரைப் போல வீசிக்கொண்டு போகிறவர்கள் பாதி இடத்தைத் தேடாமலேயே கடந்துவிடுகிறார்கள்.

இதோடு சேர்ந்ததுதான் ரிகவரி ஸ்பீடு. ஒரு பொருளின் சத்தத்தை முடித்துவிட்டு அடுத்ததைக் கேட்கக் கருவி எவ்வளவு சீக்கிரம் தயாராகிறது என்பது. ஈக்குவினாக்ஸ் 800-இல் 1 முதல் 8 வரை. குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற நிழல் மரத்தடியில் குப்பை அதிகம், அங்கே 6 அல்லது 7. ஆள் நடமாட்டம் குறைந்த சுத்தமான மணலில் 4-க்கு இறக்கி மெதுவாக வீசினால் கொஞ்சம் ஆழம் கூடும்.

ஹெட்போன் தேவையா?

தேவை. அலைச் சத்தத்தில் ஆழத்துக் காசின் சத்தம் கேட்கவே கேட்காது. திரையில் வரும் எண்ணைவிட நான் சத்தத்தைத்தான் நம்புகிறேன். ஆழத்தில் எண் தடுமாறும், ஆனால் இரு பக்க வீச்சிலும் திரும்பத் திரும்ப வரும் மெல்லிய சத்தம் பொய் சொல்லாது. திரெஷோல்டு என்ற மெல்லிய முனகல் உங்கள் கருவியில் இருந்தால், கேட்டும் கேட்காமலும் இருக்கிற அளவுக்கு வையுங்கள். அந்த முனகல் ஒரு கணம் அறுந்தால் கீழே ஒதுக்கிய இரும்பு இருக்கிறது என்று அர்த்தம், லேசாக உயர்ந்தால் தோண்டிப் பாருங்கள்.

மூக்குத்தி, சங்கிலி தொலைந்துவிட்டது. எந்த அதிர்வெண்?

குறைந்த அதிர்வெண், 5 கிலோஹெர்ட்ஸ் போல, வெள்ளிக்கும் செம்புக்கும் நல்லது. 20, 40 கிலோஹெர்ட்ஸ் சின்னத் தங்கத்துக்கு. ஆனால் 40 உப்பு ஈரத்தில் கத்தும், காய்ந்த மணலில்தான் பயன்படும்.

சங்கிலியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நான்கு பவுன் சங்கிலியாக இருந்தாலும் கருவிக்கு அது ஒரு பெரிய தங்கமாகத் தெரியாது. கண்ணிக்குக் கண்ணி மின் தொடர்பு சரியாக இருக்காது என்பதால் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிப் பொடியாகவே தெரியும். சங்கிலியில் கோர்த்திருக்கிற தாலியும் குண்டும் கொக்கியும்தான் சத்தம் தரும். ஆகவே இரும்புக்குச் சற்று மேலே இருக்கிற கீழ் எண்களையும் தோண்டுங்கள்.

மூக்குத்திக்கு நான் டிடெக்டரையே எடுப்பதில்லை. விழுந்த இடம் ஓரளவு தெரிந்தால், நாலு கயிறு கட்டிக் கட்டம் பிரித்து மணலைச் சல்லடையில் சலிப்பதே வழி. எந்த நகையானாலும் தொலைந்த உடனே அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு, நின்ற இடத்திலிருந்து இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கடல் பக்கம், ஒன்று கரைப் பக்கம். இரண்டு நாள் கழித்து "இங்கேதான் எங்கேயோ" என்று கை காட்டினால் தேட வேண்டிய பரப்பு பத்து மடங்காகிவிடும்.

சத்தம் கேட்கிறது, தோண்டினால் ஒன்றும் இல்லை.

பின்பாயிண்ட் பட்டனைப் பொருளுக்குச் சற்றுத் தள்ளி அமுக்குங்கள், நேர் மேலே வைத்து அமுக்கினால் அது அந்தப் பொருளையே கணக்கிலிருந்து கழித்துவிடக்கூடும். பிறகு பெருக்கல் குறி மாதிரி இரண்டு திசையில் வீசி, சத்தம் உச்சமாகும் இடத்தைக் குறியுங்கள். ஒரு விரல் தள்ளித் தோண்டி, அள்ளிய மணல்மேல் காயிலை வீசிப் பாருங்கள்: மணலிலா, குழியிலா? குழியை மூடிவிட்டு நகருங்கள். குழந்தைகள் ஓடுகிற கரை அது.

எப்போது போவது நல்லது?

இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக வற்றும், அப்போது வேறு நாட்களில் தண்ணீருக்குள் இருக்கிற மணலில் நடக்கலாம். பலத்த அலையடித்த மறுநாளும் நல்லது, மேல் மணல் நகர்ந்திருக்கும்.

கருவியைக் கடலுக்குள் கொண்டுபோகலாமா?

கருவியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். ஈக்குவினாக்ஸ் 800 மூன்று மீட்டர் வரை தாங்கும். கேரட் ஏஸ் 250-இல் காயில் மட்டும்தான் நனையலாம், பெட்டி நனையக்கூடாது. எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கார்ன்வாலிஸ் கோட்டைப் பக்கம் வெள்ளிக் காசு இருக்கிறதாமே?

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியபோது, காட்டைச் சீக்கிரம் வெட்டவைக்க பீரங்கியில் வெள்ளிக் காசு போட்டுக் காட்டுக்குள்ளே சுட்டார் என்ற கதையைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்போம். அந்தக் கதையை நம்பி, கோட்டை இருக்கிற ஜார்ஜ் டவுனுக்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற நகரம். பழம்பொருள் என்று தோன்றுவது எங்கே அகப்பட்டாலும், 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். செபராங் பிறையில் குவார் கெப்பாவில் 2017-இல் கற்காலப் பெண் ஒருவரின் எலும்புக்கூடு வெளிப்பட்டது. யாராவது முன்னமே மண்வாரியால் குடைந்திருந்தால் அந்தப் பெண்ணைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. பொருளைவிட அது கிடந்த இடமும் ஆழமும்தான் ஆய்வாளருக்குச் செய்தி.

தேசியப் பூங்காவுக்குள்ளும் வேண்டாம். பந்தாய் கெராச்சுட்டில் ஆமைகள் முட்டையிடுகின்றன. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் வாய்விட்டுக் கேட்டு அனுமதி வாங்குங்கள். அஸ்தி கரைக்கிற கரையோரத்தில் நான் தேடுவதில்லை. அங்கே தண்ணீரில் விட்டது தொலைத்தது அல்ல, கொடுத்தது.

தோண்டும்போது பெரிய இரும்பு ஒன்று தட்டுப்பட்டால்?

நீளமாக, உருளையாக, துருவேறிய கனத்த இரும்பு என்றால் கையை எடுத்துவிடுங்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கின்மேல் குண்டு போட்டார்கள். வெடிக்காத போர்க்காலக் குண்டுகள் நாட்டில் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. தட்டிப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது, படம் எடுக்கத் தூக்குவது எதுவும் கூடாது. வந்த வழியே விலகி, மற்றவர்களையும் விலக்கிவிட்டு 999-க்கு அழையுங்கள்.

எல்லா செட்டிங்கையும் மாற்றிக் குழப்பிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

கம்பெனி அமைப்புக்குத் திருப்புங்கள். எந்த பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கிப் பிடிப்பது என்று கருவியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பிறகு மேலே சொன்ன வரிசை: மோடு, நாய்ஸ் கேன்சல், கிரவுண்ட் பேலன்ஸ், சென்சிடிவிட்டி. ஒரு நாளைக்கு ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். மணலில் புதைத்த ஒரு மோதிரத்தின்மேல் முதலில் வீசிக் கேட்டுவிட்டு மாற்றுங்கள், மாற்றியபின் மறுபடி வீசிக் கேளுங்கள். அந்த மோதிரத்தைப் புதைக்குமுன் ஒரு நீளமான சிவப்பு நூலில் கட்டி, நூலின் மறுமுனையை வெளியே விட்டுவையுங்கள்.